பூஜ்யம் என்றால் உண்டு

எங்கள் ஆபீசில் அவருக்குத் தரகர் என்று பெயர். வீட்டுத் தரகரோ மாட்டுத் தரகரோ அல்ல, கல்யாணத் தரகர். அதுவும் மனிதர்களுக்கு இல்லை, இரண்டு கணினி மொழிகளுக்கு. தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளத் தெரியாத மனிதருக்கு இந்தப் பட்டப்பெயரைச் சூட்டிய புண்ணியவான் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டான். பெயர் மட்டும் நின்றுவிட்டது. தரகர் அதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள வாயைத் திறக்க வேண்டும் அல்லவா?

கல்லுளிமங்கன் என்று சொல்வார்களே, அந்த ரகம். காலையில் வருவார், ஜன்னலில்லாத மூலையில் உட்காருவார், மத்தியானம் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார், சாயங்காலம் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போவார். ஒரு வாரம் வராவிட்டாலும் நாற்காலியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும். என் பிழைப்பு அப்படி. எங்கள் கம்பெனி சாமான் எங்கே பழுதானாலும் வாங்கியவர்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். நாள் முழுக்க யாராவது என் காதில் கத்திக்கொண்டே இருப்பார்கள். அடுத்த மேசையில் ஒரு மனிதர் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல் சம்பளம் வாங்குவதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

எங்கள் கம்பெனி செய்வது அழைப்புமணிப் பலகை. முதியோர் இல்லங்களும் சின்ன ஆஸ்பத்திரிகளும் வாங்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் கதவுக்கு மேலே விளக்கு எரியும், நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். அந்தப் பலகைக்குள் ஓடுவது சி என்கிற கணினி மொழியில் எழுதிய புரோகிராம். கெட்டியான ஆள் அது. ஒருமுறை எழுதிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டே இருக்கும். அதுதான் அதன் குறையும். ஒரு இல்லத்தில் மத்தியானத்தில் மணி மெதுவாக அடிக்க வேண்டும் என்பார்கள், இன்னொரு இல்லத்தில் அடிக்கவே கூடாது என்பார்கள். ஒவ்வொருவருக்காகவும் பெட்டியைத் திறந்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தால் கம்பெனி உருப்பட்ட மாதிரிதான்.

அதனால் விதிகளை மட்டும் வெளியே எடுத்து ஸ்கிரிப்ட் மொழியில் வைத்தார்கள். அது இளகிய மொழி. தலைமை நர்ஸே திரையில் ஒரு கட்டத்துக்குள் ஒரு வரி தட்டிவிடலாம். சி புரோகிராம் அந்த வரியை எடுத்து ஸ்கிரிப்ட் மொழியிடம் கொடுத்து, இதற்கு என்ன பதில் என்று கேட்கும். ஆம் என்றோ இல்லை என்றோ ஓர் எண்ணோ பதில் வரும். அதை வாங்கிக்கொண்டு சி விளக்கைப் போடும், அல்லது போடாது. இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கத்துப் பதிலை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவருகிற வேலையை எழுதியவர்தான் நம் தரகர். யாரிடமும் பேசாத மனிதர் இரண்டு மொழிகளைப் பேசவைத்துக் காலம் தள்ளினார்.

ஒருநாள் காலையில் ஏதோ கேட்க அவர் மேசைக்குப் போனேன். திரையில் ஒரு கறுப்புச் சதுரம். அதில் ஒரு வரி தட்டினால் ஸ்கிரிப்ட் மொழி அதைக் கணக்குப் போட்டு அடுத்த வரியில் பதில் சொல்லும். இரண்டும் மூன்றும் என்றால் ஐந்து என்னும். தரகர் மேற்கோள்குறி போட்டு, அதற்குள் "சாப்பிட்டியா" என்று தட்டியிருந்தார். கீழே பதில் வந்திருந்தது: "சாப்பிட்டியா". மேற்கோள்குறிக்குள் எதைப் போட்டாலும் அதுவே அதற்குப் பதில், அவ்வளவுதான் விஷயம். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"சும்மா. உயிரோட இருக்கான்னு பாக்கறதுக்கு."

"அது இருக்கான்னா, நீங்க இருக்கீங்களான்னா?" என்றேன். என் வாய் அப்படி.

அவர் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து எரிச்சல் கொஞ்சம் குறைந்தது என்று சொல்ல வேண்டும். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, நானாகக் கிண்டிக் கிளறித்தான் அவருடைய அக்காவைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

அக்காதான் அவரை வளர்த்தது. அம்மா போனபோது இவர் பள்ளிக்கூடப் பையன், அக்கா கல்யாணமாகி வேறு வீட்டில் இருந்தாள். சீக்கிரமே அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. தம்பியோடு வந்து இருந்துவிட்டாள். அக்கா வாயாடி. பால் பாக்கெட் போடுகிறவனிலிருந்து மாடிவீட்டுப் பூனை வரைக்கும் அவளிடம் கதை இருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிட்டதால் இவருக்குப் பேசவேண்டிய அவசியமே வரவில்லை. ஒருநாள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது, பகல் முழுக்க இவர் ஆபீசில். வேறு வழி தெரியாமல் ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். எங்கள் பலகை மாட்டியிருக்கிற இல்லம்.

"வாரா வாரம் ஞாயித்துக்கிழமை போறீங்கள்ல? என்ன பேசுவீங்க?"

"சாப்பிட்டியான்னு கேப்பா. சாப்பிட்டேன்னு சொல்லுவேன். நானும் கேப்பேன். அவளும் சாப்பிட்டேன்னு சொல்லுவா."

"அப்புறம்?"

"அப்புறம் அவ்வளவுதான்."

அந்த அறைக்குள் பால்காரனும் வருவதில்லை, பூனையும் வருவதில்லை. எதைப் பற்றிப் பேசுவாள்? வாயாடிக்கும் சரக்கு வேண்டுமே. அவள் பேச்சு வற்றிப்போனதும், அந்த இடத்தை நிரப்பவேண்டியவர் இவர். ஒரு மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாராம். நாம் வந்ததால்தான் அறை இன்னும் வெறிச்சென்று ஆகிறது என்று தோன்றுமாம். மழை விட்டதும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அந்த இல்லத்துத் தலைமை நர்ஸ் ஒரு பெண்ணைத் துணைக்கு என்று வேலைக்கு எடுத்தார். யாரும் பார்க்க வராதவர்களோடு உட்கார்ந்து பேசுவது, தலைவாரி விடுவது, பேப்பர் வாசித்துக் காட்டுவது அவள் வேலை. எந்தெந்த அறைக்குப் போகவேண்டும் என்பதைப் பலகையே சொன்னால் நல்லது என்றார் நர்ஸ். அது எளிது. பார்க்க வருகிறவர்கள் வாசலில் ஒரு சின்னத் திரையில் பெயரும் அறை எண்ணும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முதல் ஆள் வந்ததும் அந்த அறைக்கு ஓர் எண்ணிக்கை தொடங்கும். வாரம் பிறந்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய் மறுபடி ஏறும். நர்ஸ் கட்டத்துக்குள் இரண்டே சொல்லில் விதியை எழுதினார். வந்தவர் இல்லையென்றால் என்று அதற்கு அர்த்தம். பதில் ஆம் என்று வந்தால் அந்த அறைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரியும். துணைப்பெண் மஞ்சள் விளக்கைப் பார்த்து உள்ளே போவாள்.

சி பக்கத்து எண்ணிக்கையை ஸ்கிரிப்ட் பக்கத்துக்குக் கொண்டுபோகிற வேலையைத் தரகரே அங்கே போய் முடித்துக் கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த ஒருவரின் அறையை எடுத்துப் பார்த்தார்கள், விளக்கு எரிந்தது. பார்க்க ஆள் வந்திருந்த அறையை எடுத்துப் பார்த்தார்கள், எரியவில்லை. எல்லாம் சரி. அன்றைக்கே அக்காவிடம் போய், "நான் வராத வாரம் ஒரு பொண்ணு வரும்க்கா. நல்லாப் பேசும். ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் அவர் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கே வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார் என்று காவலாளி சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்காவைப் பாக்கப் போறதில்லையா?"

"நான் போகாம இருந்தாத்தான் அவளுக்கு நல்லது."

"இது என்னங்க கணக்கு?"

"நான் போனா வந்தவர் ஒண்ணுன்னு ஆயிடும். விளக்கு எரியாது. அந்தப் பொண்ணு வராது. நான் போகலைன்னா அது வரும். அது பேசும்." கொஞ்சம் நிறுத்தி, "என்னோட உக்காந்திருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சாக்குச் சொல்கிற முகமாக இல்லை. உண்மையாகவே நம்பினார். தன்னைக் கழித்துவிட்டால் அக்காவுக்கு மிச்சம் கூடும் என்று ஒரு மனிதர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அதை எப்படித் திட்டுவது? நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

மழைக்காலம் முழுவதும் இப்படியே போனது. வெயில் திரும்பிய பிறகு ஒருநாள் தலைமை நர்ஸ் எனக்குப் போன் செய்தார். கத்தவில்லை, குழம்பிப் போயிருந்தார்.

"உங்க மெஷின் ஓரவஞ்சனை பண்ணுதுங்க."

"மெஷின் எப்படிங்க ஓரவஞ்சனை பண்ணும்?"

"நீங்களே கேளுங்க. சொந்தபந்தம்னு யாருமே இல்லாதவங்க கொஞ்சம் பேரு இங்க இருக்காங்க. அவங்களுக்கு மட்டும்தான் மஞ்சள் லைட்டு எரியுது. பிள்ளை, தம்பி, மருமகன்னு இருந்தும் எட்டிப் பாக்காம விட்டவங்க இருக்காங்க பாருங்க, அவங்களுக்கு எரியறதே இல்லை. உனக்குத்தான் ஆள் இருக்கேன்னு மெஷின் சொல்லுதா? துணைக்கு வர்ற பொண்ணு பாவம், லைட்டு எரியற ரூமுக்குத்தான் போகும். நானும் அவங்கவங்க வீட்லேந்து ஆள் வருதுன்னே நெனச்சிட்டேன்."

முதலாளி எங்கள் இருவரையும் போய்ப் பார்த்துவரச் சொன்னார். பஸ்ஸில் நான் நர்ஸ் சொன்னதை ஒரு சொல் விடாமல் தரகரிடம் சொன்னேன். தம்பி என்ற சொல் வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லம் வரும்வரை திரும்பவில்லை.

நர்ஸ் மேசையில் பலகையைத் திறந்ததும் அவர் விதியைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கறுப்புச் சதுரத்தைத் திறந்து, "பூஜ்யம் இல்லையா?" என்று அந்த மொழியில் தட்டினார். இல்லை என்று பதில் வந்தது. அடுத்து, ஒன்றுமே இல்லாததைக் குறிக்க அந்த மொழியில் ஒரு சொல் உண்டு, அதைப் போட்டுக் கேட்டார். ஆம் என்றது. அவர் கை மேசையிலேயே கிடந்தது.

"என்னாச்சு சார்?" என்றார் நர்ஸ்.

தரகர் சொன்னார். என்னிடம் பேசியதைவிட மெதுவாக, யாருக்கோ சாட்சி சொல்வதுபோல் சொன்னார். "சி மொழில பூஜ்யம்னா இல்லைன்னு அர்த்தம். இந்த மொழில அப்படி இல்லை. பூஜ்யமும் ஒரு எண்ணுதானே, அதனால பூஜ்யம்னா உண்டுன்னு எடுத்துக்கும். எண்ணிக்கையே தொடங்காம இருந்தாத்தான் இல்லைங்கும். வாழ்க்கைல ஒருத்தருமே வராதவங்களுக்கு எண்ணிக்கையே கிடையாது. அவங்களுக்கு விளக்கு எரிஞ்சுது. வந்துக்கிட்டிருந்து நின்னு போனவங்களுக்குப் பூஜ்யம். அவங்களுக்கு ஆள் வந்தாச்சுன்னு நெனச்சுக்கிச்சு."

இரண்டு மொழியும் தலைகீழ்ப் பாடம் அவருக்கு. இந்த வித்தியாசத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுப்பார். ஆனால் எண்ணிக்கையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோன அன்றைக்கு மனசுக்குள் சியிலேயே யோசித்துவிட்டார். பூஜ்யம் என்றால் யாரும் வரவில்லை, இதில் சந்தேகம் என்ன என்று.

விதியைத் திருத்த ஒரு நிமிஷம் ஆகவில்லை. பெட்டியைத் திறக்கவேண்டாம், வெளியில் இருக்கிற வரிதானே. எண்ணிக்கை இல்லையென்றாலும் சரி, பூஜ்யம் என்றாலும் சரி என்று எழுதி, பொத்தானை அழுத்தினார். நான் நடைவழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபக்கமும் கதவுகள். ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்றை விட்டு ஒன்று, பிறகு விடாமல் வரிசையாகக் கடைசிவரை எரிந்தன. இத்தனை பேரா என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

"ஒரு பொண்ணு இத்தனை ரூமுக்கு எப்படிப் போவா?" என்று நர்ஸ் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தரகர் எழுந்து வாசலில் இருந்த சின்னத் திரைக்குப் போனார். பெயர் போடும் கட்டத்தில் விரலை வைத்தார், எடுத்தார். என்னைப் பார்த்து, "நான் பேரு போட்டா அவ ரூம் லைட்டு அணைஞ்சிடும்" என்றார்.

"அணையட்டுமே."

"இன்னிக்குத்தான் முதல் தடவையா எரியுது. அந்தப் பொண்ணு வரும். நான் போய்க் கெடுக்கணுமா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அதை அக்காகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் சொல்லாமலே அறை எண்ணை விசாரித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கதவு திறந்திருந்தது. கட்டிலில் ஒரு பெரியம்மா, தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சேலையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு நாற்காலி, கட்டிலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா. தம்பி சொன்னான், துணைக்கு ஒரு பொண்ணு வரும்னு. இத்தனை நாளா வழி தெரியலையா உனக்கு?"

நான் உள்ளே போகாமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த நர்ஸ் என் காதோரம், "ஞாயித்துக்கிழமையானா இப்படித்தான் உடுத்திக்கிட்டு உக்காருவாங்க. அந்த நாற்காலிய யாரையும் நகத்த விடமாட்டாங்க. இப்பல்லாம் மத்த நாள்லயும்தான். இன்னிக்கு ஞாயிறு இல்லையே பாட்டின்னு சொன்னாலும், எதுக்கும் இருக்கட்டும்பாங்க" என்றார். அந்தப் பெண் வரவில்லை என்று பெரியம்மா ஒருநாளும் யாரிடமும் புகார் சொன்னதில்லையாம். தம்பி சொன்னால் செய்வான், எங்கேயோ தாமதம் என்று இருந்திருக்கிறார்.

தரகர் என்னைத் தாண்டி உள்ளே போனார். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீயாடா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

வழக்கமான இடத்தில் பேச்சு நின்றது. தரகர் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அந்தப் பொண்ணு வராம போனது என் தப்பு. மெஷின்ல தப்பா எழுதிட்டேன். இப்பச் சரி பண்ணிட்டேன்."

"போவுது. உனக்கு ஆயிரம் வேலை."

"இனிமே வாரா வாரம் வரும். ஆனா நான் வந்தா அது வராது. ரெண்டுல ஒண்ணுதான். அது நல்லாப் பேசும்க்கா, பேப்பர் படிச்சுக் காட்டும். எனக்குத்தான் பேச வராதே. உனக்கு எது வேணும்னு சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மாடிவீட்டுப் பூனையைத் திட்டுகிற குரலாகத்தான் இருக்க வேண்டும், பழைய குரலில் சொன்னார்.

"கூறுகெட்டவனே. அந்தப் பொண்ணு வந்தா அதுகிட்ட நான் யாரைப் பத்திடா பேசப்போறேன்? உன்னைப் பத்தித்தானே?"

தரகர் நாற்காலியை விட்டுவிட்டு வெளியே வந்தார், என்னையும் நர்ஸையும் பார்க்காமல் நடைவழியில் விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். ஓடிவிடுகிறார் என்றே நினைத்தேன். சின்னத் திரைக்கு முன்னால் நின்று பெயரையும் அறை எண்ணையும் தட்டினார். என் தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு அணைந்தது.

அவர் திரும்பி வந்து கதவைப் பாதி சாத்தினார். உள்ளே பேச்சுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நடைவழியில் வெளியே நடந்தேன். இருபக்கமும் மற்ற விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.